பண் தொலைந்த படம்: எஃப். டபிள்யூ. முர்னாவ்

மௌனப்படக் காலத்தில் திரைப்படம் மௌனமாகக் காட்டப்பட்டது அரிது. சிற்றூர்க் கொட்டகையில் ஒரு பியானோ, சற்றே வசதியான அரங்கில் பியானோவுடன் வயலின், பெருநகரங்களின் பேரரங்குகளில் முழு வாத்தியக் குழு என்று திரைக்குக் கீழே எப்போதும் சிலர் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தனர். படம் பெட்டிக்குள் அடங்கி ஊர் ஊராகச் சென்றது. இசையோ அந்தந்த ஊரிலேயே அன்றன்று பிறந்து அன்றன்றே மறைந்தது. தம் படைப்புக்குச் சிம்ஃபனி என்றே பெயர் சூட்டி, அதன் இசை முழுமையாக எஞ்சாத நிலையிலும் உலகத் திரை வரலாற்றில் நிலைத்துவிட்ட ஒருவர் உண்டு. ‘நோஸ்ஃபெராட்டு – நடுக்கத்தின் சிம்ஃபனி’ என்னும் படத்தை 1922இல் தந்த ஜெர்மானிய இயக்குநர் ஃபிரீட்ரிஹ் வில்ஹெல்ம் முர்னாவ் அவர். அப்படத்துக்கு இன்றுவரை இசைவாணர்கள் புதிது புதிதாக இசை இயற்றி, திரையின் முன் அமர்ந்து வாசித்து வருகின்றனர். இதன் காரணத்தை அறிய அவரது வாழ்வையும் அந்தப் படத்தின் ஊழையும் சேர்த்தே காணவேண்டும்.

முர்னாவ் 1888 டிசம்பர் 28 அன்று வெஸ்ட்ஃபாலியப் பகுதியின் பீலஃபெல்ட் நகரில் துணி உற்பத்தியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் ஃபிரீட்ரிஹ் வில்ஹெல்ம் பிளும்பெ. குடும்பம் பின்னர் காஸல் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெர்லினில் மொழியியலும் ஹைடல்பர்கில் கலை வரலாறும் இலக்கியமும் பயின்றார். மாணவர் நாடகமொன்றில் அவர் நடித்ததைக் கண்ட மாக்ஸ் ரைன்ஹார்ட், தம் நடிப்புப் பள்ளிக்கு அவரை அழைத்துக்கொண்டார். அக்காலத்து ஜெர்மன் நாடக உலகில் ரைன்ஹார்ட்டுக்கு நிகரானவர் இல்லை. ‘பிளும்பெ’ என்பது ஜெர்மன் மொழியில் நயமற்ற, பருத்த என்னும் பொருள் தரும் சொல்லை நினைவூட்டும் பெயர். மேடையேற விரும்பிய, மிக நெடிய உருவமுடைய அந்த இளைஞர் அதைக் களைந்துவிட்டு, ஓவியர் காண்டின்ஸ்கி வாழ்ந்து வரைந்த பவேரியச் சிற்றூரான முர்னாவின் பெயரைத் தமதாக்கிக்கொண்டார். தந்தைக்கு மகன் கூத்தில் இறங்கியது பிடிக்கவில்லை. பெயர் மாற்றத்தில் அந்தப் பிணக்குக்கும் பங்கு உண்டு.

அவரது இளமையின் பேருறவு ஒரு கவிஞருடன் அமைந்தது. ஹன்ஸ் எரென்பவும்-டேகெலெ என்னும் அந்தக் கவிஞர் ‘புதிய உணர்ச்சி வேகம்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த ஓர் இலக்கிய இதழின் ஆசிரியர்களுள் ஒருவர். அவர் வழியாகவே கவிஞர் எல்செ லாஸ்கர்-ஷூலரும் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்கும் இருந்த வட்டத்துக்குள் முர்னாவ் நுழைந்தார். இருவரிடையே இருந்த அன்பை நட்பு என்ற சொல்லுக்குள் முழுவதும் அடக்க இயலாது. ஆண்கள் தம்முள் காதல் கொள்வதைக் குற்றமாக்கிய சட்டம் நடப்பிலிருந்த நாடு அது. எனவே அது வெளியே பேசப்படாத அன்பாகவே இருந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் இருவரும் போர்முனை சென்றனர். 1915இல் கிழக்கு முனையில் எரென்பவும்-டேகெலெ மாண்டார். முர்னாவ் முதலில் காலாட்படையிலும் பின்னர் விமானப்படையிலும் பணியாற்றி, பலமுறை விமானம் நொறுங்கி விழுந்தும் உயிர் பிழைத்தார். 1917இல் சுவிட்சர்லாந்து மண்ணில் இறங்க நேர்ந்து, போர் முடியும்வரை அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். ஊர் திரும்பியபின் பெர்லினின் குரூனெவால்ட் பகுதியில் மறைந்த நண்பரின் குடும்ப இல்லத்தில் குடியிருந்தார். பின்னாளில் அவர் எடுத்த படத்தில் தொலைவிலிருந்து மெல்ல மெல்ல வீட்டை நோக்கி வரும் சாவைப் பார்ப்பவர், அந்த இயக்குநர் மூன்றாண்டுக் காலம் வானிலிருந்தும் மண்ணிலிருந்தும் சாவைப் பார்த்திருந்தவர் என்பதை மறத்தல் ஆகாது.

1919 முதல் விரைந்து படங்கள் எடுத்தார். தொடக்க காலப் படங்களுள் பல இன்று இல்லை. ஸ்டீவன்சனின் ஜெகில்-ஹைட் கதையைப் பெயர் மாற்றி 1920இல் எடுத்த படமும் அவ்வாறே அழிந்தது. பிறர் நூலைப் பெயர் மாற்றிப் படமாக்கும் இந்த வழக்கமே இரண்டாண்டுகளுக்குப்பின் பெருந்தொல்லை தந்தது.

அல்பின் கிராவ் என்பார் ஓவியர். மறைபொருள் வழிபாடுகளில் ஈடுபாடுடையவர். அவரும் கூட்டாளி ஒருவரும் தொடங்கிய படநிறுவனத்துக்கு வடமொழியிலிருந்து ‘பிராணா’ என்று பெயரிட்டனர். உயிர்மூச்சின் பெயர் கொண்ட அந்நிறுவனம் ஒரே ஒரு படத்தோடு மூச்சடங்கியது. அந்த ஒரு படமே நோஸ்ஃபெராட்டு. பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலான ‘டிராகுலா’வை உரிமை பெறாமல் எடுத்தாண்டு, பெயர்களையும் இடங்களையும் மாற்றித் திரைக்கதை அமைத்தவர் ஹென்ரிக் காலீன். அவரது திரைக்கதை வழக்கமான உரைநடையில் அமைந்ததன்று. முறிந்து முறிந்து வரும் சிறு அடிகளாக, ஏறக்குறைய புதுக்கவிதை போலவே எழுதப்பட்டது. எழுத்திலேயே தாளம் இருந்த அந்தக் கதையைப் படமாக்கும்போது முர்னாவ் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியைப் படப்பிடிப்புத் தளத்தில் வைத்து, அதன் தட்டுக்கு ஏற்ப நடிகர்களின் அசைவை ஒழுங்குபடுத்தினார். ஆகவே சிம்ஃபனி என்னும் துணைப்பெயரை வெறும் அலங்காரமாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒலிப்பதிவு இல்லாத அந்தப் படத்தின் உடம்புக்குள் தாளம் முன்பே இறங்கியிருந்தது.

படப்பிடிப்பு 1921இல் நடந்தது. அக்காலத்து ஜெர்மன் படங்கள் பலவும் கூடத்துக்குள் அட்டையிலும் துணியிலும் கோணல் உலகங்களைக் கட்டிக்கொண்டிருந்தன. முர்னாவோ வெளியே சென்றார். விஸ்மார், லியூபெக் ஆகிய பால்டிக் கடல் பகுதி நகரங்களின் உண்மையான தெருக்கள், இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள ஓராவா கோட்டை, டாட்ரா மலைகள் ஆகியவை அவரது களங்கள். செலவைக் குறைக்க ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னரிடம் ஒரே ஒரு காமிராதான் இருந்தது, மூலப்படச்சுருளும் ஒன்றே. ஓர்லோக் பிரபுவாக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் குடும்பப் பெயரே ஜெர்மன் மொழியில் அச்சம் எனப் பொருள்படுவது ஒரு வியப்பான தற்செயல்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவன் என்பன அவை. ஓர்லோக்கிடம் இந்நான்கும் ஓருருவில் கூடியிருப்பதைத் தமிழ் பயின்றோர் எளிதில் காண்பர். அவன் இறந்தும் இறவாத அணங்கு; எலியின் பல்லும் கூருகிரும் கொண்ட விலங்கு; இரவில் பிறர் இல்லம் புகும் கள்வன்; கோட்டைக்குரிய பிரபு. அச்சத்தின் இத்தனை முகங்களையும் முர்னாவ் மிகையின்றிக் காட்டினார். தானே திறக்கும் கதவு, ஆளில்லாமல் துறைமுகத்துக்குள் மிதந்து வரும் கப்பல், படியில் ஏறும் நிழல் ஆகியவையே அவரது கருவிகள்.

1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்கியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் படம் ஒரு விழாவாகவே அரங்கேறியது. விருந்தினர் நூறாண்டுக்கு முந்திய பீடர்மையர் கால உடையில் வர வேண்டப்பட்டனர். ஹைன்ரிஹ் மார்ஷ்னரின் ‘வாம்பயர்’ என்னும் பழைய இசைநாடகத்தின் தொடக்க இசை ஒலித்தது. பின்னர் படத்துக்கென்றே ஹன்ஸ் எர்ட்மன் இயற்றிய இசையை வாத்தியக் குழு வாசித்தது. எர்ட்மன் 1882இல் பிரெஸ்லாவில் பிறந்தவர்; இசையியல் அறிஞர்; திரையிசை என்னும் புதிய துறைக்கு இலக்கணம் காண முயன்றோருள் ஒருவர். 1927இல் ஜூசெப்பெ பெச்செயுடன் அவர் வெளியிட்ட திரையிசைக் கையேடு, எந்த உணர்ச்சிக்கு எந்த இசை பொருந்தும் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்துணுக்குகளை வகைப்படுத்தித் தந்தது.

விழாவின் ஒளி நெடுநாள் நிற்கவில்லை. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரென்ஸ் ஸ்டோக்கருக்குச் செய்தி எட்டியது. கணவர் 1912இல் மறைந்தபின் அவரது நூலுரிமையே கைம்பெண்ணான அவருக்குத் துணை. அவர் வழக்குத் தொடுத்தார். பிராணா நிறுவனம் திவாலாகி விட்டதால் இழப்பீடு பெற வழியில்லை. ஆகவே 1925 ஜூலையில் மூலச்சுருளையும் பிரதிகளையும் அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. முர்னாவின் வாழ்வை எழுதுவோர் இந்த அம்மையாரைக் கொடியவராகவே காட்டுவதுண்டு. அது நேர்மையன்று. களவு போனது அவர் பொருள். அவர் கேட்டது அவர் உரிமை. எனினும் அதற்குள் பிரதிகள் எல்லை கடந்திருந்தன. அயல்நாடுகளில் வெட்டியும் ஒட்டியும், எழுத்தட்டைகளைப் பெயர்த்தும் மாற்றியும் படம் பிழைத்துக்கொண்டது.

இசை அவ்வாறு பிழைக்கவில்லை. பெட்டியில் சென்றது படச்சுருள் மட்டுமே. படத்துக்கு எர்ட்மன் எழுதிய முழு இசைக்குறிப்பும் தொலைந்தது. 1926இல் அவர் அதிலிருந்து தொகுத்து அச்சிட்ட பத்து இசைப்பகுதிகள் மட்டும் எஞ்சின. ‘பேய்மை’, ‘புயல்’, ‘விந்தை’, ‘கோரம்’, ‘கட்டவிழ்வு’ என்ற வகையில் அவற்றுக்கு உணர்ச்சிப் பெயர்கள் உண்டு. எந்தக் கொட்டகையும் எந்தப் படத்துக்கும் வாசித்துக்கொள்ளலாம் என்னும் நோக்கில் அவை அச்சிடப்பட்டன. எந்தப் பகுதி நோஸ்ஃபெராட்டுவின் எந்தக் காட்சிக்கு உரியது என்பதற்கு அச்சில் தெளிவான வழிகாட்டல் இல்லை. பரிபாடல் ஏடுகளை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. பாடியவர் பெயருக்கு அருகே பெட்டனாகனார் முதலிய இசை வகுத்தோர் பெயரும் பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்ணின் பெயரும் அங்கே நிற்கின்றன. அவர்கள் வகுத்த இசை மட்டும் இல்லை.

முர்னாவின் பின்வாழ்வு ஒலியை நோக்கியே சென்றது என்றால் மிகையாகாது. 1924இல் வெளிவந்த ‘கடைசி மனிதன்’ என்னும் படத்தில் எழுத்தட்டை ஒன்றே ஒன்றுதான். ஓட்டல் வாயில் காவலராக இருந்து கழிவறைப் பணிக்குத் தாழ்த்தப்படும் முதியவராக எமில் யான்னிங்ஸ் நடித்தார். அதில் முற்றத்தில் ஒருவர் எக்காளம் ஊத, கார்ல் ஃபிராய்ண்டின் காமிரா அந்த எக்காளத்தின் வாயிலிருந்து விலகிப் பறக்கிறது. ஓசை காற்றில் செல்லும் வழியைக் கண்ணால் காணச் செய்த காட்சி அது. 1926இல் ‘ஃபவுஸ்ட்’ வந்தது. அதே ஆண்டு வில்லியம் ஃபாக்ஸின் அழைப்பை ஏற்று முர்னாவ் அமெரிக்கா சென்றார்.

அங்கே அவர் எடுத்த ‘சன்ரைஸ்’ 1927 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் வெளியானபோது அதன் இசை படச்சுருளின் ஓரத்திலேயே பதிவாகியிருந்தது. இரண்டு வாரம் கழிந்து ‘ஜாஸ் சிங்கர்’ வெளிவர, திரை பேசத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் கொட்டகை வாத்தியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். சன்ரைஸ் முதல் ஆஸ்கார் விருது விழாவில் மூன்று பரிசுகள் பெற்றும் வசூலில் தோற்றது. அடுத்து வந்த ‘நான்கு சாத்தான்கள்’ இன்று தொலைந்துபோன படம். முர்னாவ் ஹாலிவுட்டை வெறுத்து, 1929இல் பாய்மரக் கலமேறித் தென்கடல் தீவுகளுக்குச் சென்றார். ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியுடன் தொடங்கி, பிணங்கி, பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தில் தாமே முடித்த ‘டாபூ’ என்னும் படத்திலும் மனிதர் பேசுவதில்லை. உலகமே பேசும் படத்துக்கு மாறிய பின்னும் அவர் மௌனத்தை விடவில்லை. பதிவு செய்த இசையை மட்டும் ஏற்றார்.

அந்தப் படம் திரையிடப்படுவதை அவர் காணவில்லை. கலிஃபோர்னியக் கடற்கரைச் சாலையில் வாடகைக் கார் கவிழ்ந்து, 1931 மார்ச் 11 அன்று சாண்டா பார்பராவில் உயிர் நீத்தார். வயது 42. ஒரு வாரம் கழித்து டாபூ நியூயார்க்கில் வெளியாயிற்று. நடிகை கிரேட்டா கார்போ அவரது முகத்தின் அச்சைச் சாந்தில் எடுத்து வைத்துக்கொண்டார். உடல் கடல் கடந்து ஜெர்மனி வந்து, பெர்லினை அடுத்த ஸ்டான்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்தில் ஏப்ரலில் அடக்கமாயிற்று. இரங்கலுரை ஆற்றியவர் ஃபிரிட்ஸ் லாங். 2015இல் எவரோ கல்லறையை உடைத்து அவரது தலையைக் கவர்ந்து சென்றனர். இதனை வாம்பயர் கதையோடு இணைத்துப் பேசி மகிழ்வோர் உளர். அப்பேச்சு ஈண்டு வேண்டா.

அவர் மறைவுக்குப்பின் நோஸ்ஃபெராட்டு இசையின்றியே, அல்லது ஏதோ ஓர் இசைத்தட்டின் துணையோடு, சிதைந்த பிரதிகளில் உலவியது. மீட்புப் பணியில் முதன்மையானவர் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ படாலாஸ். அவர் செப்பனிட்ட பிரதிக்கு 1984இல் பெர்லின் திரைப்பட விழாவில் பெர்ன்ட் ஹெல்லர் எர்ட்மனின் இசையை மீட்டமைத்து நேரில் வாசிக்கச் செய்தார். ஆனால் மீட்டமைத்தல் என்ற சொல்லை இங்கே எண்ணிப் பார்த்தே ஆளவேண்டும். எஞ்சிய பத்துப் பகுதிகள் படம் முழுவதையும் நிரப்பப் போதா. எங்கே எதை வைப்பது, எதை மீள வாசிப்பது, இடைவெளியில் எதை இட்டு நிரப்புவது என்ற முடிவுகள் யாவும் ஹெல்லருடையவை. மூலத்துக்கு மிகவும் உண்மையாக நிற்க விரும்பியவரும் பாதி இயற்றுநராக நேர்ந்தது. இதை உணர்ந்தால், புதிய இசை இயற்றுவோரை மூலத்துக்குத் துரோகம் செய்பவர் என்று பழிப்பதில் பொருளில்லை என்பது விளங்கும்.

புதிதாக இயற்றுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் படத்தின் வேகம். 1922இல் படத்தின் நீளம் 1,967 மீட்டர். நொடிக்கு 18 சட்டம் என்று ஓட்டினால் ஏறத்தாழ 96 நிமிடம். பேசும் படத்துக்குரிய 24 சட்டத்தில் ஓட்டினால் 72 நிமிடம். 24 நிமிட இசை இருக்கவோ போகவோ செய்யும் வேறுபாடு இது. அடுத்த இடர் நிறம். முர்னாவ் காலத்தில் இரவைப் படமாக்கும் வசதியின்மையால் இரவுக் காட்சிகளையும் பகலில் எடுத்து, பிரதியில் நீலம் ஏற்றினர். நிறமற்ற பிரதிகளில் ஓர்லோக் நண்பகலில் சவப்பெட்டியைச் சுமந்து தெருவில் நடப்பான். அதைக் கண்டு இசையமைப்பவர் இரவின் இசையை எவ்வாறு எழுதுவார்? பிரெஞ்சுத் திரைக் காப்பகத்திலிருந்த வண்ணமூட்டிய பழம்பிரதியின் துணையால்தான் பிற்காலப் பதிப்புகளில் இரவு இரவாயிற்று.

இவற்றைக் கடந்து பலர் இயற்றினர். ஆர்ட் ஸோய்ட் என்னும் பிரெஞ்சுக் குழு 1980களின் இறுதியில் மின்னிசைக் கருவிகளோடு படத்தின் முன் அமர்ந்தது. 1958ஆம் ஆண்டின் ஆங்கில டிராகுலா படத்துக்கு அப்பெயரின் மூன்று அசைகளையே மூன்று சுரங்களாக்கிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பெர்னார்ட், தம் முதுமையில் நோஸ்ஃபெராட்டுவுக்கு முழு வாத்தியக் குழுவுக்கான இசை எழுதி 1997இல் லண்டனில் அரங்கேற்றினார். ஸ்பானிய இசைவாணர் ஹோசே மரியா சான்செஸ்-வெர்து 2003இல் இன்றைய செவ்வியல் இசைமொழியில் வேறொன்று படைத்தார். எர்ட்மனின் வழியை அடியொற்றியோரும் உளர். முற்றிலும் மறுத்தோரும் உளர்.

இம்முயற்சிகளில் தோற்றவற்றின் குறை பெரும்பாலும் ஒன்றே. உருவம் தோன்றியதும் இசை அலறுகிறது. முர்னாவின் ஓர்லோக் பாய்வதில்லை. கப்பலின் அடித்தட்டில் பலகைபோல் விறைத்து எழுகிறான். வாயிலில் அசையாது நிற்கிறான். படத்துக்குள்ளேயே தாளம் தட்டிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து வரும் பேரோசை அதைக் கொன்றுவிடுகிறது. நேரில் வாசிப்போர்க்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. பாடகர் மூச்சு வாங்கினால் பக்கவாத்தியம் காத்திருக்கும். திரை எவருக்காகவும் காத்திருக்காது. இரண்டு தாளவட்டம் பின்தங்கினால், கோட்டைக் கடிகாரத்தின் எலும்புக்கூடு நள்ளிரவு மணியை அடித்து முடித்தபின் மணியோசை எழும்.

படத்தின் இறுதியில், எல்லென் என்னும் பெண் தன்னையே இரையாகத் தந்து விடியும்வரை ஓர்லோக்கைத் தன் படுக்கையருகே நிறுத்தி வைக்கிறாள். அப்போது ஒரு சேவல் திரையில் தோன்றிக் கழுத்தை நீட்டிக் கூவுகிறது. அதன் ஒலி படத்தில் இல்லை. அவன் தலை நிமிர்த்திக் கேட்கிறான். அந்த இடத்தில் இசைக்குழு அந்தக் கூவலைத் தருவதா, விட்டுவிடுவதா என்பதை ஒவ்வோர் இசைவாணரும் தாமே முடிவு செய்தாக வேண்டும். அதற்குரிய குறிப்பு எதையும் முர்னாவ் விட்டுச் செல்லவில்லை.